முதல் வெடி கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

சைக்கிள் கற்றுக்கொண்டபோது எத்தனை தடவை விழுந்திருப்பீர்கள்? முட்டியில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி ஏறியிருப்பீர்கள். பாங்க்கில் புதுக் கேஷியர் ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், சாயந்திரம் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்வார். அப்புறம் ஜென்மத்துக்கும் இரண்டு தடவை எண்ணுவார். நமக்கெல்லாம் தப்புதான் வாத்தியார்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் அந்த வாத்தியார் இரண்டாவது வகுப்பு எடுப்பதில்லை!

இத்தனைக்கும் சிவகாசித் தொழிலே பயிற்சியில் பிறந்ததுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பட்டாசு பிற்பாடு வந்தது. தீக்குச்சி சுட்டால் விரலை உதறிக்கொள்ளலாம். பட்டாசு மருந்து அப்படியா? வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சேர்ந்த சமாசாரம். ஒரு உராய்வு போதும். அதனால்தான் இரும்புக் கருவி கூடாது, நைலான் சேலை கூடாது, கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது (ஈரம் பட்டால் தானாகவே சூடேறும்), ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று இத்தனை 'கூடாது'கள்.

தொழிலகப் பாதுகாப்புத் துறை இதையெல்லாம் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறது. எனக்குத் தெரிந்த போர்மேன் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன்.

"வகுப்புல எல்லாம் தெரியுது தம்பி. ரூமுக்குள்ள போனா மறந்துருது" என்றார்.

பைலட்டுகளுக்கும் இதே பிரச்னை இருந்தது. 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்தே தரையில் ஆடும் பொம்மை விமானம் ஒன்றைச் செய்தார். விழுந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இன்று அதன் பேரன்தான் வி.ஆர். கண்ணாடி. தலையைத் திருப்பினால் உலகமே திரும்புகிறது. சித்தப்பா பிள்ளை ஏ.ஆர். நிஜ அறையை மறைக்காமல், அதன் மேலேயே 'இங்கே தொடாதே' என்று கோடு போட்டுக் காட்டும். போயிங் கம்பெனியில் 1990 வாக்கில், விமானத்துக்கு வயர் பூட்டுகிறவர்களுக்காக யோசித்த வித்தை இது.

மதுரையில் ஒரு மாலில் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். மொட்டை மாடி உயரத்தில் ஒரு பலகை, நடக்க வேண்டும். நிற்பது சிமெண்டுத் தரை என்று நன்றாகத் தெரியும். கால் நகர வேண்டுமே! பி.காம். படித்த மூளை சொன்னதைக் கால் கேட்கவில்லை.

அப்போதுதான் முதலிப்பட்டி ஞாபகம் வந்தது. 2012 செப்டம்பர் 5. கிட்டத்தட்ட நாற்பது பேர் போனார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, பார்க்கவும் காப்பாற்றவும் ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். உள்ளே கிடப்பவர் மச்சானாகவோ மதினியாகவோ இருக்கும்போது, 'விலகி ஓடு' என்று எந்த நோட்டீஸ் சொன்னாலும் கால் கேட்குமா? பத்துத் தடவை கண்ணாடிக்குள் வெடிக்கவிட்டு, பத்துத் தடவையும் விலகி ஓட வைத்தால், பதினொன்றாவது தடவை ஒருவேளை கேட்கும்.

கையைப் பழக்குவது கஷ்டம். மருந்தைச் சலிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் ஆபத்து என்பது கண்ணாடிக்குத் தெரியாது. தொடு உணர்ச்சியைச் செயற்கையாகக் கொண்டுவர சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி நடக்கிறது. அது சிவகாசிக்கு வரும்வரை கைக்குப் போர்மேன்தான் கதி.

இன்னொன்றையும் அந்த விளையாட்டில் சேர்க்க வேண்டும். பீஸ் ரேட்! சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளி ஆர்டர், 'சீக்கிரம் சீக்கிரம்' என்கிற குரல். அவசரம் இல்லாத ரூமில் எல்லாருமே ஒழுங்காகத்தான் மருந்து கலப்பார்கள். உள்குத்தகைக்கு எடுத்தவர், ரூமில் இடம் போதாமல் மரத்தடியில் ஆளை உட்கார வைக்கும் காட்சியும் வரட்டும்.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் ஒரு மூச்சு சொல்லி முடித்தேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நாலு பேருக்கு மேல உள்ள போனா அந்தக் கண்ணாடி கத்துமா தம்பி?"

"கத்துற மாதிரி செய்யலாம் அண்ணாச்சி."

"அப்ப எங்களுக்கு அப்புறமா மாட்டலாம். மொதல்ல குத்தகைக்காரருக்கு மாட்டுங்க."