தூண்டில் ரீல்: லெஃப்டா, ரைட்டா? வாங்கும் முன் இதைப் பாருங்க!

முதல் முறையா மீன்பிடி ரீல் வாங்கப் போறீங்களா? பெட்டியில் 'லெஃப்ட்', 'ரைட்' என்று போட்டிருக்கும். நீங்கள் எந்தக் கைப்பழக்கம் உள்ளவர் என்பதை அது சொல்வதில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல் என்றால் கவலை வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கலாம்.

சிக்கல், ராடுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலில்தான். இதில் கைப்பிடியைப் பக்கம் மாற்ற முடியாது. தப்பா வாங்கினால் காசு போச்சு!

வலது கையால் வீசுபவர் ரைட் ரீல் வாங்கினால், வீசியதும் ராடை இடது கைக்கு மாற்றித்தான் சுற்றணும். லூர் தண்ணீரில் விழுந்த நொடியே விராலோ கொடுவாவோ கவ்வினால்? கை மாறும் அந்த இடைவெளியில் மீன் நழுவிவிடலாம். லெஃப்ட் ரீலில் கை மாற்றும் வேலையே இல்லை. இடதுகைக்காரர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்.

அப்போ ரைட் ரீல் வேஸ்ட்டா? இல்லை. பெரிய மீனோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டும்போது, பலமான கையால் சுற்றுவதே பலருக்கு வசதி. வருஷக்கணக்கில் அப்படிப் பழகியவர்கள் மாற வேண்டியதில்லை.

இன்னும் குழப்பமா? நண்பரின் ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியை இரண்டு பக்கமும் மாட்டிச் சுற்றிப் பாருங்க. எந்தக் கை தடுமாறவில்லையோ, அதுதான் உங்க பக்கம்.

ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் மாடல் எண்ணையும் கவனியுங்க. ஷிமானோ பெய்ட்காஸ்டிங் ரீல்களில் 150 என்றால் ரைட், 151 என்றால் லெஃப்ட்.