ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகாத பிஎச்பிபிபி

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். அதையே வீட்டு சர்வராக மாற்றி, குடும்பத்தினர் தலைப்பு வாரியாக எழுதிப் பேசிக்கொள்ளும் விவாதக் களம் ஒன்றை அமைக்கலாம். அதற்கான ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் பிஎச்பிபிபி. ஜேம்ஸ் அட்கின்சன் என்பவர் 2000-ல் தொடங்கியது. ஆபரேட்டிங் சிஸ்டமாக ஆல்பைன் லினக்ஸ். இரண்டுமே இலவசம்.

ஆல்பைனை நிறுவியதும் டெஸ்க்டாப், ஐகான் எதுவும் இருக்காது. கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டும். அதனால்தான் 128 எம்.பி. ராமிலும் ஓடுகிறது. (நமக்கு டேட்டாபேஸும் தேவை என்பதால் 1 ஜி.பி. இருந்தால் வசதி.)

பென் டிரைவிலிருந்து பூட் செய்ததும் 'ரூட்' என்ற பெயரில் பாஸ்வேர்டு இல்லாமலே நுழையலாம். எல்லாம் வேலை செய்யும். ஏமாறும் இடம் இதுதான்! அப்போது சிஸ்டம் முழுவதும் ராமில்தான் இருக்கிறது, ஹார்டு டிஸ்க்கில் எதுவும் பதியவில்லை. முதல் தடவை நான் பாதி ராத்திரி வரை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு பவரை ஆஃப் செய்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கேள்விகளைப் படிக்காமல் என்டர் தட்டியது என் தவறுதான்.

எனவே முதல் வேலையாக 'செட்டப்-ஆல்பைன்' கட்டளையை இயக்குங்கள். கீபோர்டு, நெட்வொர்க், பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்கும். எந்த டிஸ்க் என்று கேட்கும்போது 'நன்' என்று விட்டுவிடாமல் டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு 'சிஸ்' என்று பதில் தாருங்கள். டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். பழைய போட்டோக்களை முன்பே காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்து 'ஏபிகே' கட்டளை மூலம் லைட்டிபிடி, பிஎச்பி, மரியாடிபி மூன்றையும் நிறுவுங்கள். பிஎச்பி 'கம்யூனிட்டி' தொகுப்பில் இருக்கிறது. முதலில் அதை எனேபிள் செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல்ஐ, எக்ஸ்எம்எல் போன்ற பிஎச்பி துணைப் பகுதிகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். லைட்டிபிடியின் கான்பிக் பைலில் பாஸ்ட்சிஜிஐ வரியின் முன்னால் உள்ள # குறியை நீக்காவிட்டால் பிஎச்பி ஓடாது. மரியாடிபியை ஸ்டார்ட் செய்யும் முன் அதன் 'செட்டப்' கட்டளையை ஒருமுறை இயக்கி, பிறகு காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பிஎச்பிபிபி ஜிப் பைலை வெப் போல்டரில் விரித்து, கேச், பைல்ஸ், ஸ்டோர் போல்டர்களுக்கும் கான்பிக் பைலுக்கும் எழுதும் அனுமதி கொடுங்கள். புதுக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் பழைய கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைத் தந்தால் மீதியை அதுவே கேட்டு முடித்துவிடும். முடிந்ததும் 'இன்ஸ்டால்' போல்டரை நீக்குங்கள். அது இருக்கும் வரை மற்றவர்களால் களத்துக்குள் நுழைய முடியாது. கான்பிக் பைலின் எழுதும் அனுமதியையும் திரும்ப எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. 'ஆர்சி-அப்டேட்' கட்டளையில் லைட்டிபிடி, மரியாடிபி இரண்டையும் சேர்த்தால்தான் அடுத்த முறை பூட் ஆகும்போது தானாக எழும். சேர்த்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு வீட்டாருக்கு முகவரியைக் கொடுக்கலாம்.