யார் பக்கம்?

‘கவுன்சிலிங்’ என்றதும் ஆசிரியர்களுக்குப் பணிமாறுதல் கலந்தாய்வுதான் நினைவுக்கு வரும். நான் செய்யும் கவுன்சிலிங் வேறு. தனியாக வருபவர்களோடும் கணவன் மனைவியாக வருபவர்களோடும் உட்கார்ந்து பேசுவது என் தொழில். என்னிடம் வருபவர்களில் உங்களைப் போன்ற ஆசிரியர்களும் உண்டு. பெரும்பாலோர் கதவைச் சாத்தியதும் கேட்பது, “இங்கே பேசுவது வெளியே போகாதே மேடம்?”

போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

தனியாக வருபவர் அறிவுரையை எதிர்பார்க்கிறார். அது அவருக்கு வீட்டிலேயே நிறையக் கிடைத்திருக்கும். கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வலியுறுத்தியவை பாசாங்கில்லாமை, நிபந்தனையற்ற ஏற்பு, அவர் இடத்தில் நின்று உணர்தல். கேட்க எளிது. குறுக்கே பேசாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

தம்பதியர் வந்தால் கணக்கே மாறிவிடும். “நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?” என்பார்கள். நான் நீதிபதி இல்லை. என்ன சண்டை என்பதைவிட எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதையே கவனிக்கிறேன். ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் நான்கு ஆபத்தான பழக்கங்களைச் சொல்கிறார்: ஆளையே குறைகூறுவது, இளக்காரம், தற்காப்பு வாதம், வாயை மூடிச் சுவராகிவிடுவது. இவற்றில் இளக்காரமே மிக மோசமானது. “கேஸ் புக் பண்ணலையா?” என்பது கேள்வி. “உங்களால இதுகூட முடியாதா?” என்று உதட்டைச் சுழிப்பது வேறு. அவர் செல்போனுக்குள் போய்விடுவார். அவர் ஒதுங்க ஒதுங்க இவர் குரல் உயரும். அங்கே நான் நிறுத்துவேன். “அவர் போனை எடுத்தபோது உங்களுக்குள் என்ன ஆச்சு?” என்று கேட்டால், கோபத்துக்கு அடியிலிருந்து “நான் வேண்டாதவளாயிட்டேனோன்னு” என்று ஒரு குரல் வரும். கணவர் அதை முதன்முறையாகக் கேட்பார்.

தொழிலின் தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இருவரையும் சேர்த்துப் பார்த்துவந்தபோது, கணவர் தனியாகப் பேச வேண்டும் என்றார். சீட்டுப் பணத்தை இழந்து பெரும் கடனில் இருப்பதைச் சொல்லி, “அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். ஒப்புக்கொண்டேன். அதன்பின் இருவர் முன்னும் நான் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் அந்தக் கடன் ஒளிந்திருந்தது. மனைவிக்கு வேறு வழியில் தெரிந்தது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு வரவில்லை. அவர் என்னிடம் இழந்தது, கணவரிடம் இழந்ததைவிடக் குறைவு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இப்போது முதல் நாளே சொல்கிறேன்: தனியே சொல்வது எதுவானாலும், இருவர் உறவைத் தொடுமானால் அதைச் சேர்ந்து பேச உதவுவேனே தவிர, ஒளித்துவைக்க உதவமாட்டேன்.

ஒன்றே ஒன்றுக்கு விலக்கு. அடி உதை இருக்கும் வீடு. அங்கே பயப்படுபவர் சேர்ந்து உட்கார்ந்து உண்மை பேசினால் வீடு திரும்பியதும் அடி விழலாம். அதனால்தான் தொடக்கத்திலேயே இருவரையும் சிறிது நேரம் தனித்தனியே பார்த்து விசாரிக்கிறேன். பயம் தெரிந்தால் சேர்ந்து பேசுவதை நிறுத்திவிட்டு, முதலில் அவர் பாதுகாப்பைப் பார்ப்போம். பெண்களுக்கான உதவி எண் 181. மனநலம் குறித்துப் பேச, டெலி-மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.