விளையாட்டுக் காயங்களும் விரைவுச் சிகிச்சையும்

சரீர பலத்தையே ஆஸ்தியாகக் கொண்டு வாழ்பவர்கள் உழைப்பாளியும் விளையாட்டு வீரனும் ஆவர். இவர்களுக்குக் கையிலோ காலிலோ காயம் நேர்ந்து, அது மாதக்கணக்கில் ஆறாமல் நின்றுவிடுமாயின், ஜீவனமும் எதிர்காலமும் ஒருங்கே ஊசலாடத் தொடங்குகின்றன. அத்தருணத்தில் ‘ஒரே ஊசியில் குணம்’ என்று எவர் சொன்னாலும் அவர்கள் நம்பிவிடுவது இயல்பே. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை, 1998-ம் வருஷம் முதற்கொண்டு மேல்நாட்டு வைத்தியர்கள் நடத்தியிருக்கும் சோதனைகள் நன்கு விளக்குகின்றன. அவற்றின் சாரத்தை நேயர்கள் முன் வைப்பது நமது கடமை எனக் கருதுகிறோம்.

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைப்பது அவற்றுள் மிகத் தடித்தது. குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தில், அதை எவரும் விரலால் தொட்டறியலாம். ஓடும்போதும் தாவும்போதும் வில்லின் நாண் போன்று இழுபட்டு விடுபடுவது இதுவே. தசைக்கு உள்ள ரத்த ஓட்டம் இதற்கு இல்லை. ஆகவே பழுது நேர்ந்தால் ஆறுவதற்கு நாள் செல்லும். டென்மார்க் தேச விஞ்ஞானிகள் 2013-ம் வருஷத்தில் இதைப் பற்றி ஓர் அதிசயமான உண்மையை வெளியிட்டார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளால் ஆகாயத்தில் ஒருவகைக் கரி அணு மிகுந்து, அக்காலத்தில் வளர்ந்தோரின் சரீரத்திலும் சேர்ந்தது. அந்த அடையாளத்தைக் கொண்டு கணக்கிட்டதில், குதிகால் தசைநாணின் நடுப்பாகம் ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் அமைந்துவிடுகிறதென்றும், அதன்பின் அது அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லையென்றும் தெரியவந்தது. இளமையில் கிடைத்த நாணை வைத்துக்கொண்டே நாம் ஆயுள் முழுவதும் நடமாட வேண்டியிருக்கிறது.

இத்தகைய உறுப்புக்குப் பூரண ஓய்வே மருந்தென்று வெகுகாலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்தை அசைத்தவர் ஸ்வீடன் தேசத்து ஊமியோ நகரின் ரண வைத்தியர் ஹோகன் ஆல்ஃபிரட்ஸன். ஓட்டத்தில் பிரியமுள்ள அவருக்கே இவ்வலி கண்டது. தமக்கு ரண சிகிச்சை செய்யுமாறு தம் மேலதிகாரியைக் கேட்டார், அவர் இணங்கவில்லை. காயம் முற்றினாலாவது இணங்குவார் என்று எண்ணி, வலிக்கும் காலின் மீதே வேண்டுமென்று பாரத்தை ஏற்றிப் பயிற்சி செய்தார். காயம் முற்றுவதற்குப் பதிலாக வலி நீங்கிப்போயிற்று!

இதையே அவர் முறையாகச் சோதித்து 1998-ல் வெளியிட்டார். நோயாளி படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோயுள்ள காலின் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். மேலே எழும்புவதற்கு மற்றைக் காலை உபயோகிக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி நாற்பத்தைந்து தடவை, மடக்கியபடி நாற்பத்தைந்து தடவை. காலையும் மாலையுமாக நாள் ஒன்றுக்கு 180 தடவை. வலி இருந்தாலும் நிறுத்தலாகாது. வலி குறைந்தால் முதுகில் சுமை ஏற்ற வேண்டும். ரண சிகிச்சைக்குக் காத்திருந்த பதினைந்து ஓட்டக்காரர்கள் பன்னிரண்டு வாரம் இவ்வாறு செய்து, பதினைவரும் மறுபடி ஓடலானார்கள். ஸ்வீடன் வைத்தியர் கண்ட இம்முறைக்குத் தேவையான கருவி ஒரு வாசற்படியே அன்றி வேறில்லை.

பதினைந்து பேர் மிகச் சிறு தொகை என்பதை நாம் மறுக்கவில்லை. 2015-ல் டென்மார்க்கில் 58 நோயாளிகளை இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்பாருக்கு மேற்படி முறையையும், மற்றவர்களுக்கு வாரம் மூன்று நாள் மாத்திரம் கனத்த பாரத்தை மெதுவாகத் தூக்கும் முறையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு வகுப்பாரும் சமமாகவே தேறினார்கள். ஆகவே, குதிகாலை இறக்குவதில் தனி ரகசியம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. தாங்கக்கூடிய பாரத்தைப் படிப்படியாக ஏற்றுவதே பலன் தருகிறதென்று ஊகிக்க இடமிருக்கிறது. எல்லோரும் பூரண குணமடைகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. சிலருக்கு வருஷங்கள் கழிந்தும் சிறிது வலி எஞ்சி நிற்கிறது.

இது நிற்க. விரைவுச் சிகிச்சைகளின் நிலை யாது? நோயாளியின் ரத்தத்தைச் சிறிது எடுத்து, யந்திரத்திலிட்டுச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்துக் காயத்தில் ஊசி வழியே செலுத்துவது இக்காலத்தில் பெரிதும் பரவியிருக்கிறது. பிரசித்திபெற்ற ஆட்டக்காரர்கள் செய்துகொண்டதால் இதற்கு மவுசு மிகுந்தது. ஹாலந்து தேச வைத்தியர்கள் இதைக் குதிகால் வலியுள்ள 54 பேரிடம் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு இந்த ரத்தச் சாரம். பாதிப்பேருக்கு வெறும் உப்பு நீர். எவருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. எல்லோரும் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் இரு திறத்தாரும் தேறியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குள் வித்தியாசம் காணப்படவில்லை. 2021-ல் இங்கிலாந்தில் 240 பேரிடம், பாதிப்பேருக்குப் பாசாங்கு ஊசி போட்டு நடத்திய சோதனையிலும் முடிவு அதுவே.

உப்பு நீர் பெற்றவர்களும் தேறினார்கள் என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவ்வகுப்பு இல்லாதிருந்தால் தேறியதின் பெருமை முழுவதும் ரத்தச் சாரத்துக்கே போயிருக்கும். நியாயஸ்தலத்தில் வாதியின் சாட்சிகளை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நாம் என்னென்று கூறுவோம்? ‘ஊசி போட்டோம், குணமாயிற்று’ என்ற ஒரு கட்சிச் சாட்சியத்தை மாத்திரம் கேட்டுப் பணத்தைக் கொடுப்பதும் அத்தகையதே.

ஸ்டீராய்ட் ஊசியின் கதை இதனினும் மோசமானது. ரத்தச் சாரம் பணத்தோடு விட்டது. இதுவோ காயத்தையும் நீடிக்கச் செய்கிறது. முழங்கைத் தசைநாண் வலியுள்ள 165 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2013-ல் வெளியாயிற்று. ஸ்டீராய்ட் பெற்றவர்களுக்கு முதல் சில வாரங்களில் நல்ல சுகம் கண்டது. வருஷ முடிவிலோ, அவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு வலி திரும்பியிருந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் அவ்விதம் திரும்பியது நூற்றுக்கு 12 பேருக்கே. முக்கியமான பந்தயத்துக்கு முன்னால் இந்த ஊசியைப் போட்டு ஓர் இளைஞனை மைதானத்தில் இறக்குகிறவர்கள், அவனுடைய அடுத்த வருஷத்தை அடகு வைத்து அன்றைய கோப்பையை வாங்குகிறார்கள் என்றே நாம் சொல்வோம்.

ரண சிகிச்சையைப் பற்றி இவ்வளவு கடுமையாகக் கூற இயலாது. முழங்காலினுள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுவதை நம் ஜனங்கள் ‘ஜவ்வு கிழிந்தது’ என்கிறார்கள்; கபடியிலும் கால்பந்திலும் இது அடிக்கடி நேர்வது. ஸ்வீடனில் 121 இளம் நோயாளிகளில் ஒரு பகுதியாருக்கு உடனே ரண சிகிச்சை செய்தும், மற்றப் பகுதியாரைப் பயிற்சியில் வைத்து, தேவைப்பட்டால் பின்னர் செய்தும் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, இரண்டு வருஷத்துக்குப் பின் இரு திறத்தாரின் நிலையும் ஒன்றே. பின்னவர்கள் 59 பேரில் அக்காலத்துக்குள் 23 பேருக்குத்தான் ரண சிகிச்சை தேவைப்பட்டது. குதிகால் தசைநாண் முற்றும் அறுந்தவர்களிடம் நார்வேயில் நடந்து 2022-ல் வெளியான பெரும் சோதனையிலும், ஒரு வருஷத்துக்குப் பின் கத்தி வைத்தவர்களும் வையாதவர்களும் ஒத்த நிலையிலேயே இருந்தார்கள். ஆனால் கத்தி வையாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாண் மறுபடி அறுந்தது. கத்தி வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவ்விதம் நேரவில்லை எனலாம். எனவே ரண சிகிச்சைக்கு உரிய இடம் உண்டு. அவ்விடம் எதுவென்று வைத்தியரும் நோயாளியும் கலந்து ஆலோசித்து முடிவு செய்தல் வேண்டும்.

ரண சிகிச்சை ஆனபின்னும் அவசரம் ஆகாது. முழங்கால் நாரைச் சீர்செய்துகொண்ட 106 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரையில் ஒவ்வொரு மாதம் ஒத்திவைக்குந்தோறும், மறுபடி காயம் நேரும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று அது கூறுகிறது.

பொறுமையை உபதேசிப்பது சுலபம்; மூன்று மாதம் கூலியின்றி இருப்பவனுக்கும், உத்தியோகத்துக்கு இவ்வருஷப் பந்தயத்தையே நம்பியிருக்கும் ஏழை வீரனுக்கும் அதைக் கடைப்பிடிப்பது சுலபமன்று. ஆகையால் பொறுப்பு அவனுடையது மட்டுமன்று. விளையாட்டுச் சங்கங்களை நடத்துவோர், காயமுற்றவனுக்கு அணியில் இடத்தை நிறுத்தி வைத்து, பயிற்சியை மேற்பார்க்க ஒருவரையும் நியமிப்பார்களாயின், ஊசிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும். நோயாளியும் வைத்தியரிடம், ‘இச்சிகிச்சையை எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? ஒரு வருஷம் கழிந்தபின் முடிவு என்ன?’ என்று கூசாமல் கேட்க வேண்டும். நேர்மையான வைத்தியர் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபம் கொள்ளமாட்டார். கோபம் கொள்பவரிடம் காலை ஒப்படைக்குமுன் நேயர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பது நலம்.