முறிவு மருந்து இல்லாத நஞ்சு: எல்லையோடு நின்ற கேரளத் தடை

திருவனந்தபுரம்:
பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் 2022 அக்டோபர் 25 அன்று திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரிழந்தார். பதினொரு நாட்களுக்கு முன் அவர் குடித்த கஷாயத்தில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. அவர் காதலித்த பெண்ணுக்கு நெய்யாற்றின்கரை நீதிமன்றம் 2025 ஜனவரியில் மரண தண்டனை விதித்தது. காதலும் துரோகமும் பேசப்பட்ட அளவுக்கு அந்த நஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. உட்கொண்ட ஓரிரு மணி நேரத்திற்குள் கரித்தூள் கொடுத்து நஞ்சை உறிஞ்சச் செய்யலாம். ரத்தத்தைச் சுத்திகரித்துப் பார்க்கலாம். அதற்கும், நோயாளி குடித்தது எதுவென்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கழியும் நாட்களில் வாயும் தொண்டையும் புண்ணாகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது, பிறகு நுரையீரல் நாராக இறுகுகிறது. மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிஜன் கொடுக்கவும் மருத்துவர்கள் தயங்குகின்றனர். அதுவே நுரையீரல் சேதத்தை அதிகப்படுத்தக்கூடும் என்பதே காரணம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் கைவிட்ட இந்த மருந்தைக் கேரள அரசு 2011இல் தடை செய்தது. ஆனால், மாணவர் கஷாயம் குடித்த வீடு எல்லைக்குத் தமிழகப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தது. அங்கு அப்போது அத்தகைய தடை இல்லை.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மாநில அரசு ஒரு மருந்தின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடுக்கலாம். மிஞ்சினால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் உள்ளது.