ஒட்சிசன் ஏன் வைக்கவில்லை?

பேராதனையிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறினால் வழிநெடுகத் தேயிலைதான். அங்குள்ள லயன் வீடுகளில் 'கிரமக்சோன்' என்றால் வயதான தாய்மார் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பரகுவாட் என்னும் களைநாசினியின் வியாபாரப் பெயர் அது.

மகளைப் பறிகொடுத்த தாயொருவர் என்னிடம் கேட்டார்: "புள்ளைக்கு மூச்சு முட்டிச்சு, ஒட்சிசன் வைக்கல்ல. தோட்டத்து ஆளுங்கன்னுதானே?" பல வருடங்களாக அதை மனதில் சுமந்திருக்கிறார். நான் சமூகவியல் படித்தவள். பதிலோ இரசாயனவியலில் இருந்தது.

பச்சை இலையில் வெயில் பட்டதும் இலத்திரன்கள் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் செல்கின்றன, தீயணைக்க வாளி கைமாறுவது போல. பரகுவாட் இடையில் புகுந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. சோடியில்லாத அந்த ஒற்றை இலத்திரனோடு அது 'சுயாதீன மூலிகம்' ஆகிறது. ஆய்வுகூடக் குழாயில் பார்த்தால் அழகான நீல நிறமாம்! உடனே இலத்திரனை ஒட்சிசனிடம் கொடுத்துவிட்டு, பழைய உருவில் அடுத்ததைப் பறிக்க வருகிறது. தான் தீர்ந்துபோவதில்லை. இலத்திரன் ஏறிய ஒட்சிசன்தான் கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கிறது.

மனித நுரையீரல் இந்த நஞ்சைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே கைமாற இலத்திரனும் உண்டு, ஒட்சிசனும் தாராளம். மேலும் ஒட்சிசன் கொடுப்பது எரியும் அடுப்பை ஊதுவது போன்றது. ஆகவே இரத்தத்தில் அது மிகவும் குறையும்வரை வைத்தியர்கள் தவிர்ப்பார்கள். நஞ்சை முறிக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றும் இல்லை.

இதைக் கேட்ட அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். தமிழில் சொல்லியிருக்கலாம்.

2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகிய மூன்றும் இலங்கையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2011 முதல் 2015 வரை நாட்டின் தற்கொலை வீதம் 21 சதவீதம் குறைந்தது. பீடைநாசினியால் நேர்ந்த மரணங்கள் பாதியாகின. நஞ்சைப் பூட்டிவைக்க வடமத்திய மாகாணத்தில் வீடுவீடாகப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, அதனால் பயன் கிட்டவில்லை. கோபமோ துயரமோ உச்சத்திலிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை.

அப்படியொரு நேரம் உங்களுக்கோ அயலாருக்கோ வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் பாராமல் பேசலாம்.