வலிக்காத கால் ஆபத்தான கால்!

மூட்டுக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? வேலூர் டாக்டர் கண்ட உண்மை

ஆம்பூரில் தைக்கும் பூட்ஸ் வெளிநாடுகளுக்குப் போகிறது. புதுப் பூட்ஸ் காலைக் கடித்தால் என்ன செய்வோம்? உடனே கழற்றிவிடுவோம். கழற்றச் சொன்னது யார்? நரம்பு! "வலிக்கிறது" என்று மூளைக்குச் சேதி சொல்வது அதுதான்.

அந்தச் சேதி போகாவிட்டால் என்ன ஆகும்? பக்கத்து ஊரான வேலூரில் இதை ஆராய்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயர், ஆனால் 1914-ம் ஆண்டு நமது கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். "அப்படி அல்ல" என்றார் பிராண்ட். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது. தீ சுட்டாலும் தெரியாது. காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் குறைகின்றன என்று அவர் கண்டார்.

நொண்டுவது நல்லது!

மூட்டின் கதையும் இதுதான். கணுக்கால் சுளுக்கினால் நாம் நொண்டுகிறோம். அதனால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது. வலி தெரியாதவர் நொண்டமாட்டார். சுளுக்கிய காலோடு மைல் கணக்கில் நடப்பார். மூட்டு வீங்கும், சூடாகும், உள்ளே எலும்பு நொறுங்கும். நரம்பு கெட்டவர்களின் மூட்டு இப்படி அழிவதை, பிரான்ஸ் நாட்டு டாக்டர் சார்கோ 1868-லேயே விவரித்திருக்கிறார்.

நரம்பின் மறு வேலை

நரம்பு சேதி சொல்வதோடு நிற்பதில்லை. அடிபட்ட இடத்தில் நரம்பின் நுனி சில ரசாயனப் பொருள்களை வெளிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வீக்கமும் சூடும் வருவதில் இதற்கும் பங்கு உண்டு. முடக்குவாதத்தால் மூட்டு வீங்கும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், செயலற்ற பக்கத்தில் மூட்டு வீக்கம் குறைவாக இருப்பதை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

வீக்கத்தைத் தணிக்கும் நரம்பும் உண்டு. கழுத்து வழியாக வயிறு வரை செல்லும் ஒரு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிறு கருவிக்கு, 2025-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. முடக்குவாத நோயாளிகளுக்கான கருவி அது.

சர்க்கரை வியாதிக்காரர்களே, கவனம்!

தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும். ஆனால் சர்க்கரை வியாதி நீடித்தாலும் கால் மரத்துப்போகும். ஆகவே தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமல் வெந்துவிடும். அடிப்பாகம் மெத்தென்ற ரப்பரால் ஆன செருப்பு நல்லது. வேலூருக்கு அருகே, கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் மரத்த கால்களைக் காத்தது அத்தகைய செருப்புத்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா? "வலி இல்லையே" என்று நடக்காதீர்கள். காலுக்கு ஓய்வு கொடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.